ஆகானும் புல்ஸ்ட்ரோடும்

யோசுவாவின் ஏழாம் அதிகாரத்தை நான் முதலில் படித்தது பி.ஏ. வகுப்பில். நான் கிறிஸ்தவனல்ல. பைபிளைத் தெரிந்துகொள்ளாமல் மில்டனைத் தொட முடியாது என்று ஆசிரியர் சொன்னதால் படித்தேன். மில்டன் பின்னால் எனக்கு அதிகம் பயன்படவில்லை. இந்த அதிகாரம் மட்டும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று யோசித்ததில் எழுந்தது இக்கட்டுரை.

கதை சுருக்கமானது. எரிகோ விழுந்துவிட்டது. அந்நகரின் பொருளில் எதையும் யாரும் தனக்கென எடுக்கலாகாது. வெள்ளி, பொன், வெண்கலம், இரும்பு யாவும் கர்த்தரின் பொக்கிஷத்துக்கு. மற்றவை சாபத்தீடு, அழிய வேண்டியவை. யூதா கோத்திரத்து ஆகான் என்பவன் ஒரு பாபிலோனியச் சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் நிறையில் ஒரு பொன்பாளம் ஆகியவற்றை எடுத்துத் தன் கூடாரத்தின் நடுவே புதைத்து வைக்கிறான். அடுத்த ஊர் ஆயி. வேவு பார்த்து வந்தவர்கள், சின்ன ஊர்தான், ஜனம் முழுவதும் போய் அலைய வேண்டாம், இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போதும் என்கிறார்கள். 3,000 பேர் போகிறார்கள், முறிந்து ஓடி வருகிறார்கள். 36 பேர் சாகிறார்கள். யோசுவா மண்ணில் விழுந்து முறையிட, முகாமில் பாவம் மறைந்திருப்பதாகப் பதில் வருகிறது. கோத்திரம், வம்சம், குடும்பம் என்று சுருங்கி வந்து ஆகானிடம் நிற்கிறது. அவன் ஒப்புக்கொள்கிறான். அவனையும் அவன் மகன்களையும் மகள்களையும் மிருகங்களையும் ஆகோர் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கல்லெறிந்து எரிக்கிறார்கள்.

பிரசங்கிகளுக்கு இந்த அதிகாரம் மிகவும் சௌகரியமானது. அவர்கள் இதிலிருந்து இரண்டு பாடங்களை எடுப்பது வழக்கம்: ஒன்று, மறைத்த பாவம், மற்றது, வெற்றியினால் வந்த மிதப்பு. எரிகோவில் ஜெயித்த தெம்பில் யோசுவா கடவுளைக் கேட்காமலே ஆயிமேல் படை அனுப்பிவிட்டான், அதனால் தோற்றான் என்பார்கள். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கடவுளைக் கேட்கவில்லை என்று ஏழாம் அதிகாரம் சொல்லவில்லை. அப்படி வெளிப்படையாகச் சொல்வது ஒன்பதாம் அதிகாரம், அதுவும் கிபியோனியர் விஷயத்தில். ஆயி விஷயத்தில் பிரதி காட்டும் ஒரே காரணம் ஆகான். வேவுகாரர்களை யாரும் கண்டிப்பதாக இல்லை. ஆனாலும் அவர்களுடைய பேச்சைப் பிரதி நம் காதில் போட்டுவிட்டுத்தான் தோல்வியைச் சொல்கிறது. எட்டாம் அதிகாரத்தில் யுத்த ஜனம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போ என்று கட்டளை வருவதும் அந்தப் பேச்சுக்கு ஒரு பதில்போலவே இருக்கிறது. ஆகவே இரண்டாவது பாடம் முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அதைப் பிரதி உரக்கச் சொல்லாமல் பக்கத்தில் வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் வைத்தலைத்தான் நான் யோசிக்க விரும்புகிறேன். மறைப்பவன் ஒருவன், மிதப்புக் கொள்பவர்கள் வேறு சிலர். இவ்விரண்டுக்கும் உறவு என்ன?

அதற்கு முன் ஓர் ஆட்சேபணையைச் சொல்லிவிட வேண்டும். ஆயி என்று பெரும்பாலோர் கொள்ளும் எத்-டெல் மேட்டில் 1933 முதல் 1935 வரை ஜூடித் மார்க்கே-க்ராஸும், பின்னர் 1964-இல் தொடங்கி ஜோசப் காலவேயும் அகழ்ந்தார்கள். கி.மு. 2400 வாக்கில் அழிந்த அந்நகரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. யோசுவாவின் காலம் என்று சொல்லப்படும் காலத்தில் அங்கே தோற்கடிக்கவும் தோற்கவும் ஊர் இல்லை. ஆயி என்ற பெயருக்கே இடிபாடு என்றுதான் பொருள். இந்நூல் இன்றைய வடிவைப் பெற்றது எருசலேம் கி.மு. 587 வாக்கில் பாபிலோனியரிடம் வீழ்ந்ததை ஒட்டிய காலத்தில் என்று கருதும் அறிஞர்கள் பலர். அப்படியானால் இது போர்ச் செய்தி அல்ல. எல்லாவற்றையும் இழந்த ஒரு ஜனம், ஏன் இழந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்த பார்வை. ஆகான் எடுத்தது பாபிலோனியச் சால்வை என்பதையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம்.

தோற்றவன் காரணம் தேடுவது இயற்கை. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. மறைத்த பாவம் தோல்வியைத் தரும் என்பது ஒன்று. தோற்றவனிடம் மறைத்த பாவம் இருந்தே தீரும் என்பது வேறொன்று. யோபுவின் நண்பர்கள் இந்த இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டு அவனை வதைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் உன் வீட்டில் என்ன புதைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்கும் ஊழியக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகானின் பிள்ளைகள் விஷயமும் எனக்கு ஜீரணமாவதில்லை. கூடாரத்தில் குழி தோண்டியது அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வது அதிகாரத்தைக் காப்பாற்றும் முயற்சி, அவ்வளவே. பிதாவின் பாவத்துக்குப் பிள்ளை சாகக்கூடாது என்று உபாகமமே சட்டமிடுகிறது. எசேக்கியேல் அதை ஓர் அதிகாரம் முழுக்க வாதிடுகிறார். பைபிளே பைபிளோடு சண்டையிடும் இடம் இது. அந்தச் சண்டையில் நான் எசேக்கியேல் பக்கம்.

ஆகவே வெளித் தோல்வியை விட்டுவிடுகிறேன். வெளியில் ஜெயித்துக்கொண்டே இருந்த ஒருவனைப் பார்ப்பது நல்லது.

ஜார்ஜ் எலியட்டின் மிடில்மார்ச் 1871, 1872 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்த நாவல். அதில் வரும் நிக்கலஸ் புல்ஸ்ட்ரோட் ஒரு பாங்கர், ஊருக்குப் பெரிய மனிதன், கடும் பக்திமான். வாலிபத்தில் லண்டனில் ஒரு பாங்குக் குமாஸ்தாவாக இருந்தவன் (இதனாலும் எனக்கு அவன்மேல் ஓர் ஒட்டுதல்), தன் சபையைச் சேர்ந்த பணக்காரர் ஒருவரின் அடகுத் தொழிலில் சேருகிறான். வரும் பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலிருப்பதில்தான் அங்கே லாபம். அவனுக்கு அது தெரிகிறது. முதலில் குறுகுகிறான், ஜெபிக்கிறான், பிறகு தன்னோடு வாதிடுகிறான். முதலாளி இறந்தபின் அவர் விதவையை மணக்கிறான். அவளுடைய காணாமற்போன மகள் கண்டுபிடிக்கப்பட்டதை அவளிடம் சொல்லாமல், கண்டுபிடித்த ராஃபிள்ஸுக்குப் பணம் கொடுத்து வாயை அடைக்கிறான். சொத்து அவனிடம் வருகிறது. பல வருஷங்கள் கழித்து, மிடில்மார்ச்சில் மற்றவர்களின் ஒழுக்கத்துக்கு அவன் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கும்போது, ராஃபிள்ஸ் திரும்ப வருகிறான்.

எலியட் அவனை வெறும் வேஷதாரியாகக் காட்டவில்லை. வேஷதாரிக்குத் தான் வேஷம் போடுவது தெரியும். புல்ஸ்ட்ரோடுக்கு அது தெரியாமற் போய்விட்டது. பணம் கடவுளின் காரியத்துக்குப் பயன்படுகிறது, தான் ஒரு கருவி, கருவி செழிக்க வேண்டியது அவசியம் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது. அவனது தொடர்ந்த செழிப்பே அந்த நியாயங்களுக்குச் சாட்சியாகிறது. ராஃபிள்ஸ் நோயுற்று அவன் பொறுப்பில் கிடக்கும்போது, அபினை எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டர் லிட்கேட் சொன்னதைப் பணிப்பெண்ணிடம் சொல்லாமல் விடுகிறான். கொடுக்கக்கூடாத பிராந்திக்குச் சாவியையும் கொடுக்கிறான். நோயாளி சாகிறான். அந்த நாட்களிலும் புல்ஸ்ட்ரோட் ஜெபிக்கிறான். இதுதான் எனக்கு நாவலின் மிகப் பயங்கரமான இடம். தன் நிலையை அவன் அறிந்துகொண்டிருக்கக்கூடிய ஒரே சாதனம் ஜெபம். அந்தச் சாதனத்தைக் கொண்டே அவன் தன்னை மூடிக்கொண்டுவிட்டான். ஆன்மிகத் தோல்வி என்ற சொல்லுக்கு ஏதாவது அர்த்தமிருந்தால் அது இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஊர் அவனை ஒரு கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்துவது பிறகு நடப்பது. தோல்வி எவ்வளவோ முன்பே நடந்துவிட்டது. அது வெற்றியின் உருவத்தில் இருந்ததால் அவன் கண்ணுக்குப் படவில்லை.

இங்கிருந்து ஆயிக்குத் திரும்பினால் அந்தப் பக்கத்தில் வைத்தலின் பொருள் ஓரளவு துலங்குகிறது. மறைத்த குற்றம் மனிதனைப் பயத்தில் வாட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. சில நாட்களுக்கு வாட்டவும் செய்யும். பிடிபடாமற் போன குற்றமோ பெரும்பாலும் தெம்பைத்தான் தருகிறது. மறைப்பவன் எதையும் மறைக்காதவனைப்போல் தினமும் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த நடையைப் பார்த்து மற்றவர்கள் நம்புகிறார்கள். அவர்கள் நம்பிக்கை அவனுக்கே ஒரு நற்சாட்சிப் பத்திரமாகத் திரும்பி வருகிறது. ஒருவன் விஷயத்தில் இது இப்படியென்றால் ஒரு முகாம் விஷயத்திலும் இப்படித்தான். எல்லாம் சுத்தமாயிருக்கிறது என்று ஜனம் நினைத்ததனால்தான் 3,000 பேர் போதுமென்று தோன்றியது. வேவுகாரர்கள் ஊரின் அளவைப் பார்த்தார்கள். தங்கள் கூடாரங்களைப் பார்க்க அவர்களுக்குக் காரணமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆகான் அந்தச் சால்வையை ஒரு நாளும் போர்த்திக்கொண்டிருக்க முடியாது. வெள்ளியைச் செலவழித்திருக்க முடியாது. இத்தனைக்கும் எட்டாம் அதிகாரத்தில், ஆயியின் கொள்ளையை ஜனமே எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வருகிறது. கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் வெளிச்சத்திலேயே கிடைத்திருக்கும்.

இதுவரை எழுதியது புஸ்தகத்திலிருந்து. இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் மேலே சொன்னதற்கு நானே உதாரணமாகிவிடுவேன்.

நான் பாங்கில் கேஷ் கவுண்டரில் இருப்பவன். சாயங்காலம் ரொக்கம் குறைந்தால் கையிலிருந்து போட வேண்டும். அதிகமிருந்தால் அதை எழுதிக் கணக்கில் காட்ட வேண்டும். ஒரு வாரம் 500 ரூபாய் குறைந்து நான் போட்டேன். மறு வாரம் ஒரு நாள் 500 அதிகமிருந்தது. போனது திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அதைப் பையில் வைத்துக்கொண்டேன். ரொக்கம் கணக்கோடு சரியாக நின்றது. மூன்று நாள் கழித்து ஒரு வயதான அம்மாள் வந்தாள். பென்ஷன் பணத்திலிருந்து 4,500 எடுத்திருந்தவள்.

"தம்பி, வீட்ல போய் எண்ணுனா நாலாயிரந்தான் இருந்துச்சு" என்றாள்.

"அன்னிக்குக் கணக்கு சரியா இருந்துச்சும்மா. வேணும்னா மேனேஜரைக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் நான் பொய் சொல்வதாகவே உணரவில்லை. கணக்கு சரியாக இருந்தது உண்மைதானே. அதிகாரி என்னைப் பார்த்து, இவர் கவுண்டரில் தப்பே வராதும்மா என்றார். அவர் சொன்னதை நானும் நம்பினேன். அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு, "எனக்குத்தான் எண்ணத் தெரியல போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாக்கியம் எனக்குள் இறங்கச் சில வாரங்கள் ஆயின. இறங்கியபின் அவள் கணக்கில் 500 ரூபாயைப் போட்டேன், பெயர் தெரியாதபடி. அதிலும் மறைவுதான். பணம் திரும்பிவிட்டது. அவள் இழந்தது பணத்தோடு முடியவில்லை. இப்போது மாதாமாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். நோட்டை நான் நீட்டியதும் அவள் தொடுவதில்லை. பேரன்தான் எண்ணுகிறான். அத்தனை வருஷம் குடும்பம் நடத்திய ஒருத்தி தன் விரல்களை நம்பாமற் போய்விட்டாள். ஆயியில் செத்த 36 பேரின் பெயர்களும் பிரதியில் இல்லை. புல்ஸ்ட்ரோடிடம் 1,000 பவுன் கடன் வாங்கிய பாவத்துக்கு லிட்கேட்டின் பெயரும் கெட்டது. மறைத்தவனுடைய ஆத்மாவைப் பற்றியே பேசும் பிரசங்கங்களில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. என் கட்டுரையிலும் அவள் கடைசியில்தான் வருகிறாள்.

மிடில்மார்ச்சில் ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்தபின், புல்ஸ்ட்ரோடின் மனைவி ஹாரியட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நகைகளைக் கழற்றி, எளிய கறுப்பு உடை உடுத்திக்கொண்டு இறங்கி வந்து அவனருகில் உட்காருகிறாள். இருவரும் அழுகிறார்கள். அவன் எதையும் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. எலியட்டின் கருணை அவ்வளவு தூரம் போகிறது, அதற்கு மேல் போக மறுக்கிறது. அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. இந்த ஓர் இடத்தில் ஆகான் புல்ஸ்ட்ரோடைவிட மேலே நிற்கிறான். பிடிபட்ட பிறகுதான் என்றாலும், கண்டேன், ஆசைப்பட்டேன், எடுத்தேன், புதைத்தேன் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறான், எந்த நியாயமும் சேர்க்காமல். அவனைக் கொல்லப்போகும் யோசுவா அவனை மகனே என்று கூப்பிட்டுத்தான் கேட்கிறான். ஓசியா என்னும் தீர்க்கதரிசி பின்னால் அதே ஆகோர் பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாசலாகச் சொல்கிறார். அந்த வாசல் அவன் பேசிய இடத்தில் இருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன், கற்குவியலில் அல்ல.

சில நூறு பேர் படிக்கும் ஒரு பத்திரிகையில் இதை எழுதுவது ஒப்புக்கொள்ளல் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவள் இதைப் படிக்கப்போவதில்லை. படிப்பவர்கள் என் நேர்மையை மெச்சவும்கூடும். அப்படி மெச்சினால் எனக்கு இன்னொரு நற்சாட்சிப் பத்திரம் கிடைத்ததாகிவிடும். அவளிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: நீங்கள் எண்ணியது சரி. அதைப் பேரன் முன்னால், அதிகாரியின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அவள் வருவாள்.