கழுத்தின் அகலம்

கட்டைவிரல் முதலில் போகிறது. கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால், எங்கே நிற்கலாம் என்று தேடுகிறது.

குளிர்ச்சி. கார்பன் இழையின் குளிர்ச்சி.

உள்ளங்கைச் சூடு மெல்ல ஏறுகிறது. குளிர்ச்சி எப்போது போனதென்று தெரியவில்லை.

*

கழுத்தின் தலைமாட்டில், நட்டில் அளந்தால் 43 மி.மீ. பக்கத்தில் சாய்ந்திருப்பது 44.5. அதற்கு அப்பால் ஒன்று, 48.

கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. மூன்றும் கறுப்பு. வெளிச்சம் சாய்ந்து விழும்போது மட்டும் இழைப் பின்னல் தெரிகிறது. பிறகு இல்லை.

*

43-க்கும் 44.5-க்கும் நடுவே ஒன்றரை மி.மீ. ஆறு தந்திகளுக்கு ஐந்து இடைவெளிகள். பங்கிட்டால் ஆளுக்கு 0.3.

கண் அதைப் பார்ப்பதில்லை. விரல்நுனி உடனே அறிகிறது.

*

43. சி கார்டு.

மோதிர விரல் ஐந்தாம் தந்தியில். நடுவிரல் நான்காவதில். ஆள்காட்டி விரல் இரண்டாவதில். மீட்டுகிறேன். முதல் தந்தி ஊமை.

ஆள்காட்டி விரலின் சதை அதன்மேல் சாய்ந்திருக்கிறது. விரலை நிமிர்த்துகிறேன். தந்தி பேசுகிறது. நிமிர்ந்த விரலில் ஓர் இறுக்கம். அது மணிக்கட்டுக்கு வருகிறது. சற்றுப் பொறுத்து, தோளுக்கு.

ஏ கார்டு. இரண்டாம் ஃப்ரெட்டில் மூன்று விரல்கள் ஒரே வரிசையில். இருவர் இருக்கையில் மூவர்.

*

48. இடமோ இடம்.

ஒவ்வொரு தந்தியும் தனியாக நிற்கிறது. தந்தி தந்தியாக மீட்டும்போது விரல்களுக்கு அவசரமில்லை.

எஃப் கார்டு. ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில் நீளப் படுக்கிறது. ஆறாம் தந்தியைத் தொடுகிறது, அரைகுறையாக. இன்னும் கொஞ்சம் நீட்டினால் விரல் மடிப்பு இரண்டாம் தந்தியின் மேல் வந்து விழுகிறது. ஒலி மங்குகிறது.

மேல்புறமாகக் கட்டைவிரலை வளைத்து ஆறாம் தந்தியைப் பிடிப்பது கையின் பழைய வழக்கம். இங்கே எட்டவில்லை. கட்டைவிரல் தானாகவே கழுத்தின் நடுமுதுகுக்கு இறங்குகிறது. முழங்கை விலாவை விட்டு விலகுகிறது.

கிளாசிக்கல் கிட்டாரில் 52 வரை போகும். அது வேறு தந்தி. வேறு அமர்வு.

*

அகலம் மட்டுமல்ல. தடிமன். பின்புற வளைவு.

அகலமாய், தட்டையாய் இருந்தால் கழுத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு வெற்றிடம். அதை ஈடுகட்டக் கட்டைவிரல் அழுத்துகிறது. யாரும் சொல்லாமலே அழுத்துகிறது.

அளவுத்தாளில் அகலத்துக்கு எண் இருக்கிறது. வளைவுக்கு ஓர் எழுத்து மட்டும். சி. டி.

*

மரக் கழுத்தை இழைக்கலாம். அரம், பிறகு உப்புத்தாள். கைக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக.

இது அச்சில் பிறந்தது. இழைத்தாள்மேல் இழைத்தாள், பிசின், சூடு, அழுத்தம். செதுக்கினால் இழை அறுபடும். இதன் வலிமையே அந்த இழை.

நட்டை மாற்றலாம். புதிய நட்டில் பள்ளங்களைத் தள்ளி வெட்டினால் தந்திகள் விலகும், அல்லது நெருங்கும். கழுத்தின் விளிம்பு நின்ற இடத்தில் நிற்கும்.

அதனால்தான் இத்தனை நேரம். தேர்ந்தெடுக்கும் முன், இப்போதே கையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

*

ஓர் எண்ணம் வருகிறது. கார்பன் கிட்டார்கள் உருவான இடங்கள். ஹவாயின் மாவி தீவு. 1990கள். ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர். ஈரக் காற்றும் வெயிலும் மரக் கிட்டாரை வாட்டும் இடம். ரெயின்சாங் கிட்டார்கள் அங்கே உருவாயின. பெயரிலேயே மழை.

அயர்லாந்தின் டோனிகாலில் எமரால்டு. அங்கும் மழை.

விஸ்கான்சினின் ஸ்பார்ட்டாவில் மெக்பெர்சன். ஒலித்துளை நடுவில் இல்லை, மேலோரமாக ஒதுங்கியிருக்கிறது. அங்கே நீண்ட குளிர்காலம். சூடேற்றிய வீடுகளுக்குள் வறண்ட காற்று.

எண்ணம் போகிறது.

*

கழுத்தின் ஓரத்தை வருடுகிறேன். நட்டிலிருந்து உடல்வரை. திரும்ப மேலே.

எதுவும் குத்தவில்லை. வறட்சியில் மரம் சுருங்கும். ஃப்ரெட்டின் உலோகம் சுருங்காது. முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு தோலைக் கீறும். இங்கே அந்தச் சுருக்கம் இல்லை.

இன்றைய அகலமே நாளையும். பல மழைக்காலங்களுக்குப் பிறகும்.

கை அப்படியில்லை. காலையில் விறைப்பு. மாலையில் லேசான வீக்கம், மோதிரத்தைக் கழற்றும்போது தெரிகிறது. வயது ஏற ஏற வேறு ஏதோ.

எந்த நேரத்துக் கைக்கு அளவெடுப்பது?

*

44.5.

சி. ஏ. எஃப். மறுபடி சி.

முதல் தந்தி ஒலிக்கிறது. முழங்கை விலாவின் அருகில். கட்டைவிரல் எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது.

தேடியதும் அது அழுத்தத் தொடங்குகிறது.

கவனத்தை எடுத்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் வெறும் ஒலி.

*

வலது கை இதில் எதையும் கேட்கவில்லை. உடலில் தந்திகள் முடியும் பாலத்தருகே அவை விரிந்து ஏறக்குறைய 55 மி.மீ. ஆகிவிடுகின்றன. நட்டின் நெருக்கடி அங்கே எட்டுவதில்லை.

*

தாளில் 44.5 என்று எழுதுகிறேன். பக்கத்தில் 48. இரண்டையும் அடிக்கவில்லை.

இதுவரை எல்லாம் உட்கார்ந்தபடி. வாரை மாட்டி நின்று வாசித்தால் கழுத்தின் சாய்வு மாறும், மணிக்கட்டின் மடிப்பும் மாறும். 48-ஐ அப்படி ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். மாலையில், விரல் வீங்கியிருக்கும்போது.