குளிர் காலமும் மனச்சோர்வும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! கார்த்திகை மழை விட்டு மார்கழிப் பனி இறங்கியதிலிருந்து நம் கான்சாபுரம் பள்ளியில் சுப்ஹுடைய ஸஃப் சுருங்கிக்கொண்டே வருகிறது. மலையடிவார ஊர் நமது ஊர். ஐந்தேகால் மணிக்குப் பாங்கு சொல்லும்போது ஹவ்ளுத் தண்ணீரில் கை வைக்க முடிவதில்லை. வராதவர்களைக் கண்டிப்பதற்காக இன்று நான் மிம்பரில் ஏறவில்லை. அந்த பயான் வருடா வருடம் கேட்டதுதான். இன்று பேச வேண்டியது வேறு.

சென்ற சில வாரங்களில் மூன்று நான்கு பேர் என்னிடம் தனியாக வந்து சொன்னார்கள்: "ஹஜ்ரத், என்னன்னே தெரியல, மனசு சரியில்ல. எதுலயும் பிடிப்பு இல்ல. காலையில எந்திரிக்கவே தோணல." ஒருவர் ராஜபாளையத்து மில்லில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர். பகல் முழுக்கத் தூங்கி, இருட்டிய பின் வேலைக்குப் போகிறவர். இன்னொருவர் எல்லாப் பிள்ளைகளும் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர். அவர் சொன்ன கடைசி வார்த்தைதான் என்னைப் பேச வைக்கிறது. "எனக்கு ஈமான் குறைஞ்சு போச்சோன்னு பயமா இருக்கு ஹஜ்ரத்" என்றார்.

இந்தப் பயம் தேவைதானா? கந்தக் போரின் ஓர் இரவைப் பாருங்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு. மதீனாவைச் சுற்றி எதிரிகளின் கூட்டுப்படை. அகழ் தோண்டிய களைப்பு, பசி, பயம். அதோடு கடுங்காற்று, கடுங்குளிர். ஹுதைஃபா (ரலி) அவர்களே அறிவிக்கும் இந்தச் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. எதிரிகளின் நிலவரத்தை அறிந்து வருபவர் யார், அவரை மறுமையில் அல்லாஹ் என்னோடு இருக்கச் செய்வான் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். யாரும் எழவில்லை. மீண்டும் கேட்கிறார்கள். மௌனம். மூன்றாவது முறையும் மௌனம்.

யோசியுங்கள். அழைப்பவர் அல்லாஹ்வின் தூதர். கிடைக்கப்போகும் கூலி மறுமையில் அவர்களுடைய தோழமை. அமர்ந்திருப்பவர்கள் ஸஹாபாக்கள். அப்படிப்பட்டவர்களுக்கே அந்தக் குளிரில் உடம்பு எழவில்லை. அதனால் அவர்களின் ஈமான் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? நபி (ஸல்) அவர்களும் சொல்லவில்லை. கோபப்படவில்லை. ஹுதைஃபாவின் பெயரைச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னார்கள். பெயரைச் சொல்லி அழைத்த பிறகு எழாமல் இருக்க வழியில்லாமல் போயிற்று என்கிறார்கள் ஹுதைஃபா (ரலி).

எழுந்து நடந்ததும் என்ன ஆனது? வெந்நீர்க் குளியலறைக்குள் நடப்பது போல இருந்தது என்கிறார்கள். குளிரே தெரியவில்லை. எதிரிப் பாளையத்தில் அபூ சுஃப்யான் நெருப்பில் முதுகைக் காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு (அப்போது அவர் இஸ்லாத்திற்கு வரவில்லை), திரும்பி வந்து செய்தியைச் சொல்லி முடித்த பிறகுதான் குளிர் மீண்டும் பிடித்துக்கொண்டது. நபி (ஸல்) அவர்கள் தாங்கள் போர்த்தித் தொழுதுகொண்டிருந்த போர்வையின் ஒரு பகுதியை எடுத்து அவர் மீது போர்த்தினார்கள். அவர் விடியும் வரை தூங்கிவிட்டார். காலையில் நாயகம் எழுப்பியது எப்படித் தெரியுமா? தூங்குமூஞ்சி என்று நாம் பிள்ளைகளைச் செல்லமாகச் சொல்வோமே, அந்த மாதிரி ஒரு வார்த்தையைச் சொல்லி எழுப்பினார்கள்.

இதில் நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். உட்கார்ந்திருந்தவரை குளிர் பிடித்தது, நடந்தவரை விட்டது. அது அன்று அல்லாஹ் செய்த விசேஷமான உதவிதான், மறுக்கவில்லை. ஆனாலும் முதல் அடி எடுத்து வைத்தவருக்குத்தான் அந்த உதவி வந்தது. இரண்டாவது, அவரால் தானாக எழ முடியவில்லை. பெயர் சொல்லி அழைக்க ஒருவர் வேண்டியிருந்தது, திரும்பி வந்தபோது போர்த்திவிட ஒருவர் வேண்டியிருந்தது. நம் மஹல்லாவில் மனம் சோர்ந்து கிடப்பவரைப் பெயர் சொல்லி அழைக்க யார் இருக்கிறார்கள்?

காலை எழுந்திருப்பது பற்றி அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தூங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் போடுகிறான். இரவு இன்னும் நீளமாக இருக்கிறது, தூங்கு என்கிறான். விழித்து அல்லாஹ்வை நினைத்தால் ஒரு முடிச்சு அவிழ்கிறது, ஒளு செய்தால் அடுத்தது, தொழுதால் மூன்றாவது. அப்படி எழுந்தவர் சுறுசுறுப்போடும் நல்ல மனநிலையோடும் காலையை அடைகிறார், இல்லையென்றால் சோம்பலோடும் கெட்ட மனநிலையோடும் அடைகிறார். இது மனநிலையைப் பற்றிய ஹதீஸ். நாம் இதைத் தூங்குபவர்களைத் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்திப் பழகிவிட்டோம்.

நம் ஊரில் மார்கழியிலும் பகல் பொழுது பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. கனடாவில் படிக்கும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் காலை 7.50 மணி வாக்கில் சூரியன் உதித்து, மாலை 4.45க்கெல்லாம் மறைந்துவிடுகிறது. ளுஹர், அஸர், மக்ரிப் மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகின்றன. பிள்ளைகள் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறார்கள். இப்படி வெளிச்சம் குறைந்த நாடுகளில் ஒவ்வொரு குளிர் காலத்திலும் வந்து கோடையில் விலகும் மனச்சோர்வை 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாக விவரித்து எழுதினார்கள். காலையில் பிரகாசமான வெளிச்சத்தின் முன் உட்கார வைப்பது இன்றும் அதற்கு ஒரு சிகிச்சை. அங்கே விளக்கு வாங்கி வைத்துப் பெறுவதை அல்லாஹ் நமக்கு வாசல் திண்ணையிலேயே தருகிறான். சுப்ஹு தொழுதுவிட்டு மறுபடி போர்வைக்குள் போகாமல் வயல் பக்கம் அரை மணி நேரம் வெயில் ஏறும் வரை நடந்து வாருங்கள். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் அஸருக்கு முன்பாவது எழுந்து வெளியே வந்து கொஞ்சம் வெயிலைப் பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், "பணம் அனுப்பினியா" என்று கேட்பதற்கு முன்னால் "வெளிய போய் வெயில பாத்தியாப்பா" என்று கேளுங்கள்.

உணவிலும் சுன்னத் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் மவுத் நடந்தால் தல்பீனா செய்யச் சொல்வார்கள். வாற்கோதுமை மாவில் காய்ச்சும் கஞ்சி அது. நோயாளியின் உள்ளத்துக்கு அது ஆறுதல், கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அறிவிக்கிறார்கள்; புகாரியில் உள்ளது. கவலை முழுவதையும் போக்கும் என்று சொல்லவில்லை, கொஞ்சத்தை என்றுதான் சொன்னார்கள். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பார்லி என்று கேட்டால் மளிகைக் கடையில் கிடைக்கும். பால், தேன் சேர்த்துச் சூடாகக் காய்ச்சி, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். கஞ்சி பாதி ஆறுதல் என்றால், கொண்டு வந்த பிள்ளை மீதிப் பாதி.

குளிர் காலம் முஃமினின் வசந்தம் என்றொரு அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அறிவிப்பாளர் வரிசையில் பேச்சு உண்டு; ஆனால் கருத்தை முன்னோர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இரவு நீளம், தஹஜ்ஜுதுக்கு வசதி. பகலில் தாகம் இல்லை, களா நோன்பு பாக்கி உள்ள பெண்கள் இந்த மாதங்களில் நோற்றுவிடலாம். அதே நேரம் குளிர் ஒரு எதிரி, கம்பளியும் காலுறையும் தயார் செய்துகொள்ளுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் ஷாமில் இருந்தவர்களுக்கு எழுதியதாக இப்னு ரஜப் (ரஹ்) தம் நூலில் எடுத்தெழுதுகிறார்கள். ஆகவே பெரியவர்களே, வெந்நீரில் ஒளு செய்தால் நன்மை குறைந்துவிடும் என்று நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்ந்த நீரைத் தவிர வேறு இல்லாதபோது அந்தச் சிரமத்தோடு முழுமையாக ஒளு செய்வதற்குக் கூலி பெரிது. சிரமத்தைத் தேடிப் போகச் சொல்லவில்லை.

இவ்வளவும் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால்? அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ஹிஜ்ரி 322இல் வஃபாத்தானவர், உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த கவலை ஒன்று, காரணமே தெரியாத கவலை இன்னொன்று என்று பிரித்தார். இரண்டாவது வகை உடம்பில் ஏற்படும் மாற்றத்தால் வருவது, அதற்கு உடலுக்கான மருத்துவமும் வேண்டும் என்றார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் அறிஞர் எழுதியதை, இன்று "பைத்தியம்னு சொல்லிடுவாங்க" என்று பயந்து நாம் மறைக்கிறோம். ஊதிப் பார்க்க என்னிடம் வாருங்கள், ஓதி ஊதுகிறேன். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தனியாகப் போகத் தயங்கினால் சொல்லுங்கள், நானே உடன் வருகிறேன்.

கவலை, துக்கம், இயலாமை, சோம்பல் ஆகிய நான்கிலிருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி பாதுகாவல் தேடியதை அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த துஆவை மக்தப் பிள்ளைகள் இந்த வாரம் மனனம் செய்கிறார்கள். வீட்டில் அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

நாளை சுப்ஹு முதல் ஹவ்ளுக்குப் பக்கத்தில் வெந்நீர் போடுவதாக நிர்வாகத்தினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொழுகை முடிந்து சுக்கு காப்பி இருக்கும். வாலிபர்கள் ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பெரியவரை ஏற்றுக்கொள்ளுங்கள். வரும்போது அவர் வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லி, "அத்தா, வாங்க போவோம்" என்று கூப்பிட்டு, டார்ச் அடித்துக் கைபிடித்துக் கூட்டி வாருங்கள். வர முடியாத நிலையில் இருந்தால், என்ன ஏது என்று விசாரித்து வந்து என்னிடம் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் உள்ள இறுக்கத்தை நீக்குவாயாக! தூர தேசத்தில் குளிரில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! தனிமையில் இருப்பவர்களுக்குத் துணை தருவாயாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.