பிழையின் விலையை யார் கொடுப்பது?

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து அடையாறு வரை நடந்து செல்பவர் மருத்துவமனைப் பெயர்ப்பலகைகளை எண்ணியே களைத்துப் போவார். அவற்றின் வாயில்களில் இன்று இரண்டு அச்சங்கள் எதிரெதிரே நிற்கின்றன. 'என்ன ஆகுமோ?' என்று நோயாளி அஞ்சுகிறார். 'வழக்கு வருமோ?' என்று மருத்துவர் அஞ்சுகிறார்.

மருத்துவர்களின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லாருக்கும் இலவசமாகச் செய்யப்படும் மருத்துவம் மட்டுமே விலக்கு. கட்டணம் பெறுவோர் பதில் சொல்லியாக வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. 'வழக்குக்கு அஞ்சித் தேவையற்ற சோதனைகளை எழுத நேர்கிறது. அந்தச் செலவும் நோயாளியின் தலையிலேயே விழுகிறது' என்பர் ஒரு சாரார். 'கேட்பாரில்லையேல் கவனமும் குறையும்' என்பர் மறு சாரார். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு.

1996இல் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதப் பெண் குழந்தையொன்று பிறந்தது. உரிய காலத்தில் செய்யவேண்டிய விழித்திரைச் சோதனை செய்யப்படவில்லை. பார்வை பறிபோயிற்று. 2009இல் தேசிய ஆணையம் 5 இலட்சம் ரூபாய் வழங்கியது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தி, பெரும்பகுதியை அரசே செலுத்தப் பணித்தது. நீதி கிடைத்தது, ஆனால் குழந்தை குமரியாகிவிட்டாள்!

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. தேர்ந்த மருத்துவர் அனுமதி பெற்று, முறை தவறாமல் செய்தும் நோயாளி இறந்தால் அவர்மீது குற்றமில்லை என்றனர் சட்ட அறிஞர்கள். அறிந்தவர் கை தவறினால், இழப்பீட்டை அவருடைய சுற்றத்தார் பகிர்ந்து சுமக்க வேண்டும் என்றும் வகுத்தனர். குற்றம் யாருடையது என்பது ஒரு கேள்வி. இழப்பை யார் தாங்குவது என்பது வேறொரு கேள்வி. நாமோ இரண்டையும் ஒரே வழக்கில் கட்டிவைத்து, முதற்கேள்வி தீரும்வரை பாதிக்கப்பட்டவரைக் காக்க வைக்கிறோம்.

2009இல் தி.மு.க. அரசு ஒரு காப்பீட்டுத் திட்டம் தந்தது, 2012இல் அ.தி.மு.க. அரசு வேறு பெயரில் ஒன்று தந்தது. எவர் திட்டம் சிறந்தது என்று மேடைகள் அதிர்ந்தன. இரண்டும் சிகிச்சைக்கான செலவைப் பேசின. சிகிச்சையால் விளைந்த ஊனத்தின் செலவைப் பேசவில்லை. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய தன்னார்வ மருத்துவ சேவை நிறுவனம், குடும்பங்கள் வருவாய்க்கேற்பச் சந்தா செலுத்திச் சிகிச்சை பெறும் வழியை அடையாற்றிலேயே காட்டியது. நோயின் செலவைப் பகிர முடியுமெனில், பிழையின் செலவையும் பகிரலாமன்றோ?

பொதுநிதி கைகொடுத்தால் மருத்துவர் அலட்சியமாவாரே என்று கேட்கலாம். நிதி உதவட்டும், விசாரணையும் நடக்கட்டும். அலட்சியம் செய்தவர் தண்டனைக்குத் தப்ப வேண்டாம். ஆனால் அத்தண்டனை முடிவாகும்வரை, பார்வையிழந்த குழந்தையின் பள்ளிக் கட்டணம் காத்திருக்கலாகாது.