மீண்டு வந்தவரின் கடன்

நோயுற்று விடுமுறையிலிருந்த ஒருவர் வேலைக்கு மீளும்போது எவருக்கேனும் கடன்பட்டவராகிறாரா? கால் முறிந்து கிடந்தவரிடம் இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை. ஆயின், வேலைப்பளுவே காரணமாக உளச்சோர்வுற்று, சில மாதங்களின் பின் பழைய கதிரைக்குத் திரும்புபவர் இவ்வினாவைத் தாமே சுமந்து வருகின்றார். தாம் இல்லாதபோது தமது பணியையும் செய்த சக ஊழியரை ஏறிட்டு நோக்க அவர் கூசுகின்றார். "அதே வேலையை மற்றையோர் செய்யவில்லையா? இவருக்கு மட்டும் ஏன் இயலாது போயிற்று?" என எவரும் வாய்விட்டுக் கேளாதபோதும், அக்கேள்வி அவர் செவியில் விழுந்துகொண்டேயிருக்கின்றது.

இக்கேள்வியை யப்பானிய உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் ஆராய நேர்ந்தது. விளம்பர நிறுவனமொன்றில் ஓய்வின்றி உழைத்த இளைஞர் ஒருவர் உளச்சோர்வுற்று, 1991 இல் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். பொறுப்புணர்ச்சி மிகுந்த அவரது சுபாவத்தையும் ஒரு காரணமாகக் காட்டி, மேன்முறையீட்டை விசாரித்த நீதிமன்றம் நட்டஈட்டைக் குறைத்திருந்தது. உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தொழிலாளரின் இயல்புகள் பலதரப்பட்டவை. வழமையாக எதிர்பார்க்கத்தக்க அவ்வேறுபாட்டினுள் அடங்கும் சுபாவத்தைக் காட்டி நட்டஈட்டைக் குறைக்கலாகாது என்பதே அதன் முடிவு.

இம்முடிவு சட்டத்துக்கு அப்பாலும் பொருளுடையது. மனிதர் பலவிதமானோர் என அறிந்தே அவர்களை வேலைக்கு அமர்த்துகின்றோம். அவர்களுள் மிக வலியவர் மட்டுமே தாங்கத்தக்கதாக வேலையை அமைத்துவிட்டு, தாங்காதவரைக் குறைகூறுதல் நீதியாகாது.

உளநோயினால் விடுமுறை பெற்றோர் வேலைக்கு மீள்வது குறித்து அந்நாட்டு அரசு 2004 இல் வெளியிட்ட வழிகாட்டி ஐந்து படிகளை வகுத்தது. வேலைக்கு மீளலாம் என்னும் வைத்தியரின் கருத்து அவற்றுள் இரண்டாவது படி மட்டுமே. வேலைத்தலம் வகுக்கவேண்டிய திட்டமும், மீண்ட பின்னர் தொடரவேண்டிய கவனிப்பும் அதற்கு அப்பால் உள்ளன. புதிய இடத்துக்கு இசைதலும் ஒரு சுமையாகலாம் என்பதால், முதலில் பழைய இடத்துக்கே மீளல் பொதுவிதி. அவ்விடமே நோய்க்குக் காரணமாயின், இடமாற்றம் ஆலோசிக்கத்தக்கது. சுகமடைதல் நோயாளியின் பங்கு. அவர் சுகமாக இருக்கத்தக்க இடத்தை ஆயத்தஞ் செய்தல் மற்றையோரின் பங்கு.

சக ஊழியரின் மனக்குறையும் பொய்யன்று. ஒருவர் விலக, அவரது பங்கும் அவர்கள் தோளிலேயே ஏறியது. ஆனால் அதனை ஏற்றியவர் நோயாளியல்லர். பதிலுக்கு ஆள் அமர்த்தாத நிர்வாகமே. கடன் உண்டு, கடனாளிதான் வேறு.

அவ்வாறாயின் மீண்டவருக்குக் கடமை யாதுமில்லையா? ஒன்று உண்டு என்பேன். தம்மை வீழ்த்தியது எதுவென அவர் அறிவார். அதனை அவர் மறைப்பின், அடுத்து அக்கதிரையில் அமர்பவரும் வீழலாம். எனினும், உண்மை உரைத்தவர் பதவி உயர்வையோ வேலையையோ இழக்கும் இடத்தில், இக்கடமையை அவரிடம் வற்புறுத்த எமக்கு உரிமையில்லை. அச்சமின்றிச் சொல்லத்தக்க நிலையை முதலில் நாம் ஆக்கவேண்டும். அதன் பின்னரே அவர் வாய்திறப்பதை எதிர்பார்த்தல் முறையாகும்.