வெல்லக்கூடிய வழக்கு, வெல்லத்தக்க வழக்கு

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒரு ராணுவ மருத்துவமனை. வெள்ளிக்கிழமை இரவு அறுவைச் சிகிச்சை அரங்கின் குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிடுகிறது. பணியில் இருக்கும் பொறியாளர் பக்கத்து ஊரில் உள்ள சிறு நிறுவனம் ஒன்றுக்கு போன் செய்கிறார். "உடனே வாருங்கள், எழுத்து வேலையெல்லாம் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். ஆட்கள் வருகிறார்கள், விடிவதற்குள் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. சில வாரங்கள் கழித்து 38,000 டாலருக்கு பில் வருகிறது. வேலையில் குறை இல்லை, விலையும் நியாயமானது. ஆனால் அரசின் பெயரில் வாக்குக் கொடுக்க அந்தப் பொறியாளருக்கு அதிகாரம் கிடையாது. பில் துறையின் ஒப்பந்த வழக்கறிஞர் மேசைக்குப் போகிறது. "அதிகாரமில்லாதவர் தந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தாது" என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியிராது. அவர் அந்த வரியை எழுதலாமா?

அமெரிக்க மத்திய அரசு ஆண்டுக்கு 700 பில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தங்கள் வழியாகச் செலவிடுகிறது. போர் விமானம் வாங்குவது முதல் அலுவலகம் பெருக்குவது வரை எல்லாம் இதில் அடக்கம். இந்தக் கொள்முதலுக்கு 1984 முதல் ஒரு பெரிய விதித்தொகுப்பு உண்டு; துறையில் இருப்பவர்கள் அதை 'ஃபார்' என்பார்கள். அதன்படி அரசைப் பணத்துக்குக் கட்டுப்படுத்தக்கூடியவர் ஒப்பந்த அலுவலர். அவருக்கு எழுத்தில் ஒரு நியமனச் சான்று தரப்படுகிறது; பேச்சு வழக்கில் அதற்குப் பெயர் 'வாரண்ட்'. எந்த வரம்புக்குள் அவர் கையெழுத்திடலாம் என்பது அந்த ஒற்றைத் தாளில் இருக்கும். தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், எழுத்தில் அதிகாரம் பெறாத தளபதியின் வாய்மொழி அரசின் வாக்கு ஆகாது.

இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதைக் காட்டும் வழக்கில் 1947-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐடஹோ மாநிலத்தில் மெரில் என்ற விவசாயக் குடும்பம், 460 ஏக்கர் கோதுமைக்கு மத்திய அரசின் பயிர்க் காப்பீட்டுக் கழகத்திடம் காப்பீடு கேட்டது. அதில் 400 ஏக்கர், குளிர்காலக் கோதுமை போட்ட நிலத்தில் மறுபடி விதைத்தது என்பதையும் உள்ளூர்க் குழுவிடம் சொன்னார்கள். முழுவதற்கும் காப்பீடு உண்டு என்றது குழு. வறட்சி வந்து பயிர் போனது. மறுவிதைப்புப் பயிருக்குக் காப்பீடு இல்லை என்று விதி இருக்கிறதென்று கழகம் கைவிரித்தது. அந்த விதி அரசிதழில் வெளியாகியிருந்தது. ஆகவே அது எல்லோருக்கும் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எதிரே இருப்பவருக்கு அதிகாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது அரசுடன் கொடுக்கல் வாங்கல் வைப்பவர் பொறுப்பாயிற்று. மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான ஜாக்சன் இதை ஏற்கவில்லை. அரசிதழை விடாமல் படிக்கும் விவசாயிக்கு விதைக்கவே நேரம் கிடைக்காது, அப்புறம் பயிர்க் காப்பீடு எதற்கு என்ற பொருளில் எழுதினார்.

ஜாக்சனின் கிண்டல் நெஞ்சைத் தொடுகிறது. என்றாலும் விதியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அரசின் பணம் எந்த அதிகாரியின் சொந்தப் பணமும் அன்று. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் தாராளம் அரசு அலுவலகத்தில் மிக எளிது. அமெரிக்க விமானப்படையின் கொள்முதலில் உயர்பொறுப்பில் இருந்த டார்லீன் ட்ரூயன், போயிங் நிறுவனத்துடன் எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்குப் பேரம் நடந்த காலத்திலேயே அதே நிறுவனத்தில் தமக்கு வேலை பேசிக்கொண்டார். அந்த விமானங்களுக்குத் தக்க விலையைவிடக் கூடுதலாக இசைந்ததையும் பின்னர் ஒப்புக்கொண்டார். 2004-ல் அவருக்கு 9 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. இத்தனை கட்டுக்காவல் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், யார் சொன்னாலும் அரசு பணம் கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டால் நிலைமை என்னவாகும்? வேண்டியவருக்கு போனில் வேலை கொடுத்துவிட்டு, பிறகு நியாயம் பேசி பில்லை வாங்கித்தரும் கூட்டம் ஒவ்வொரு அலுவலகத்திலும் முளைக்கும். அதிகார விதி அந்தக் கதவுக்குப் போட்ட பூட்டு.

வழக்கறிஞர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அவர் நீதிபதி இல்லை, ஒரு தரப்பின் வக்கீல். அரசு வழக்கறிஞரின் கட்சிக்காரர் அவரை வேலைக்கு வைத்திருக்கும் துறையே என்று வாஷிங்டன் டி.சி. வழக்கறிஞர் ஒழுங்கு விதி சொல்கிறது. சட்டமோ ஆணையோ வெளிப்படையாக வேறு சொன்னால்தான் மாறும். 'பொதுமக்கள்' என்ற முகமில்லாத கட்சிக்காரரைத் தானே கற்பித்துக்கொண்டு, அவர் சார்பில் தன் விருப்பப்படி நியாயம் வழங்கப் புறப்படும் வழக்கறிஞர் ஆபத்தானவர். அவரை அந்த இடத்துக்கு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த பில்லைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று அவரவர் மனசாட்சிப்படி தீர்மானித்தால், ஒரே மாதிரியான இரண்டு ஒப்பந்ததாரர்களுக்கு இரண்டு நீதி கிடைக்கும்.

ஆனாலும் இந்த வாதத்தை முழுதாக ஏற்க முடியாமல் தடுப்பது ஒன்று உண்டு. அரசு மற்ற வழக்காளிகளைப் போன்றதன்று. ஒப்பந்தத்தின் வாசகத்தை அதுவே எழுதுகிறது. தன் வசதிக்காக எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையை அதில் வைத்துக்கொள்கிறது. அந்தப் பிரிவு விடுபட்டுப்போன ஒப்பந்தத்திலும் அது இருப்பதாகவே படிக்க வேண்டும் என்று 1963-ல் கிறிஸ்டியன் வழக்கில் தீர்ப்பானது. விதியை எழுதுவதும் அரசு, அதன் விதிவிலக்கை அனுபவிப்பதும் அரசு. எதிரே நிற்பதோ, மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டிய பத்துப் பேர் நிறுவனம். குடிமகனுக்கு நீதி கிடைக்கும்போதெல்லாம் அரசும் வெல்கிறது என்ற கருத்து அமெரிக்க நீதித்துறைத் தலைமையகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. சுவரில் இருப்பதைக் கோப்பிலும் எதிர்பார்ப்பது மிகையாகாது.

அப்படியானால் எங்கே கோடு போடுவது? ஒரு கேள்வி உதவும். அதிகாரம் உள்ள நேர்மையான ஒப்பந்த அலுவலர் ஒருவர், அன்றிரவு எல்லாம் தெரிந்த நிலையில் அங்கே இருந்திருந்தால், இந்த வேலையை இந்த விலைக்கு வாங்கியிருப்பாரா? வாங்கியிருக்க மாட்டார் என்றால், அதாவது விலை ஊதப்பட்டிருந்தால், நிறுவனம் பொறியாளரின் மைத்துனருடையதாக இருந்தால், அவசரம் வெறும் சாக்காக இருந்தால், அதிகார விதியைத் தயக்கமின்றிப் பயன்படுத்த வேண்டும். விதி பிறந்ததே அதற்காகத்தான். வாங்கியிருப்பார் என்றால், விதி காக்க நினைத்த எதுவும் அங்கே கெட்டுவிடவில்லை. அப்போது அதே விதியைக் காட்டி பில்லை மறுப்பது, ஒருவரிடம் இலவசமாக வேலை வாங்கிக்கொள்வதாகவே முடியும்.

இந்தக் கேள்விக்கு விடையளிக்க வழக்கறிஞர் சட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அதிகாரமில்லாமல் தந்த வாக்கை அதிகாரம் உள்ளவர் பின்னர் ஏற்று உறுதிசெய்யும் வழி கொள்முதல் விதிகளிலேயே இருக்கிறது. பொருளையோ வேலையையோ அரசு பெற்றிருக்க வேண்டும். விலை நியாயமாக இருக்க வேண்டும். அப்போதும் நிதி இருந்திருக்க வேண்டும், இப்போதும் இருக்க வேண்டும். முறையான அலுவலர் செய்திருந்தால் அது சரியான ஒப்பந்தமாக இருந்திருக்க வேண்டும். சட்ட ஆலோசகரின் இசைவும் பொதுவாகத் தேவை. ஆகவே அந்த வழியைத் துறைக்கு எடுத்துச் சொல்வது ஒப்பந்த வழக்கறிஞர் காட்டும் கருணையன்று, அவர் வேலையின் ஒரு பகுதி. "வழக்கு வந்தால் வெல்லலாம்" என்று எழுதி நிறுத்தும் குறிப்பு பாதிக் குறிப்புதான். "வெல்லலாம், ஆனால் இந்தக் கடன் உண்மையானது, கொடுக்க வழியும் இருக்கிறது" என்பதும் சேர்ந்தால்தான் அது சட்ட ஆலோசனை.

துறை அதையும் மீறி மறுத்தால்? இறுதி முடிவு வழக்கறிஞருடையதன்று. ரகசியமாக ஒப்பந்ததாரருக்குத் துப்புக் கொடுப்பது நம்பிக்கைத் துரோகம். அறத்தின் பெயரால் அதை நியாயப்படுத்த முடியாது. வழக்கில் "அதிகாரம் இல்லை" என்று வாதிடலாம், அது உண்மை. "வேலை நடக்கவில்லை" என்று வாதிட முடியாது, அது பொய். மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டு உரிமை தெளிவாக இருக்க வேண்டும்: ஒப்பந்த மேல்முறையீட்டு வாரியத்துக்கு 90 நாள், கோரிக்கை நீதிமன்றத்துக்கு 12 மாதம். இதைச் சொல்லச் சட்டமே கட்டளையிடுகிறது. சிறு நிறுவனத்தின் முதலாளி ஒருமுறை படித்ததும் புரியும்படி சொல்வது எழுதுபவரின் கையில் இருக்கிறது.

மனதில் பட்டதை எழுத்தில் வைப்பதற்கு விலை உண்டு. ராணுவப் பொறியாளர் படையின் ஒப்பந்தத் தலைமை அதிகாரியாக இருந்த பனட்டீன் கிரீன்ஹவுஸ், 2003-ல் ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனத்துக்குப் போட்டியின்றித் தரப்பட்ட ஈராக் எண்ணெய் ஒப்பந்தத்தில், தம் கையெழுத்தோடு தம் ஆட்சேபத்தையும் பேனாவால் எழுதிவைத்தார். 2005-ல் பதவி இறக்கப்பட்டார். 2011-ல் அரசு 9,70,000 டாலர் கொடுத்து அவருடைய வழக்கை முடித்துக்கொண்டது. அவர் வழக்கறிஞர் அல்லர். ஆனால் உள்ளே இருந்துகொண்டு, கோப்பிலேயே, வெளிப்படையாக மாறுபடும் முறைக்கு அவர் செய்தது நல்ல முன்மாதிரி.

கள்ளக் கணக்குக் காட்டுபவருக்கு எதிராக அதிகார விதியை எடுக்கும் வழக்கறிஞர் தம் கடமையைச் செய்கிறார். நேர்மையாக உழைத்தவருக்கு எதிராக, கொடுக்கச் சட்ட வழி இருப்பது தெரிந்தும் அதைத் துறையிடம் சொல்லாமல் அதே விதியை எடுப்பவர் வழக்கை வெல்லலாம். எந்த ஒழுங்கு விதியிலும் சிக்காமல் தப்பலாம். அவர் செய்தது அநியாயம்தான்.