பாதியில் நின்ற ஆராதனை



தியானப் பகுதி: எபிரெயர் 13:15, 16, யோபு 1:20

ஞாயிறு மதியம் சபை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, "இன்னைக்கு ஆராதனை ரொம்ப நல்லா இருந்துச்சு பிரதர்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் யாருக்கு நன்றாக இருந்தது? பாட்டு நன்றாக இருந்தது, டிரம்ஸ் நன்றாக இருந்தது, நமக்கு உடம்பு சிலிர்த்தது. கர்த்தருக்கு எப்படி இருந்தது என்று என்றைக்காவது கேட்டோமா? நானும் நெடுநாள் கேட்டதில்லை. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சாட்சியாக எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் வாலிபன். மயிலாப்பூர் பக்கத்தில் ஒரு சிறிய சபையில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்கள் வாலிபர் குழு விசேஷ பாட்டு. ஒரு மாதம் பயிற்சி எடுத்திருந்தோம். புதுச்சட்டை வேறு! விடியற்காலையில் தரை லேசாக ஆடியது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துதி ஆராதனை உச்சத்தில் இருந்தது. அந்நிய பாஷையில் துதிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் இருக்கும். நனைந்த லுங்கியோடு ஒருவர் வாசலில் வந்து, "கடல் உள்ள வந்துடுச்சு! சீனிவாசபுரம் பூரா தண்ணி!" என்று கத்தினார். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், கடலுக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் நடுவே இருக்கிற மீனவர் பகுதி. எங்கள் சபை விசுவாசிகள் சிலருடைய வீடும் அங்கேதான்.

எங்கள் போதகர் ஐயா ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். பிறகு மைக்கில் சொன்னார்: "இவ்வளவு நேரம் எபிரெயர் 13-ல 15-ஆம் வசனத்தைச் செஞ்சோம். இப்போ 16-ஆம் வசனத்தைச் செய்வோம். எல்லாரும் எழுந்திருங்க. வீட்டுல இருக்கிற போர்வை, பிரெட், பால் பவுடர், எது இருக்கோ எடுத்துட்டு வாங்க." அதோடு மைக்கை அணைத்துவிட்டார்.

பிரியமானவர்களே, உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது இரக்கம் அல்ல, எரிச்சல். "இன்னும் ரெண்டு பாட்டுதானே, எங்க ஸ்பெஷல் சாங் முடிஞ்ச பிறகு போகக்கூடாதா?" என்று நினைத்தேன். வேறு சிலரும் ஆராதனையைப் பாதியில் நிறுத்தலாமா என்று முணுமுணுத்தார்கள். கரைக்குப் போய், உடைந்த படகுகளையும், சேற்றில் கிடந்த பாத்திரங்களையும், பிள்ளையைத் தேடி ஓடுகிற தாய்மாரையும் பார்த்தபோதுதான் என் ஆராதனை எப்படிப்பட்டது என்று எனக்கே தெரிந்தது. நான் கர்த்தரை அல்ல, என் பாட்டை ஆராதித்துக்கொண்டிருந்தேன்!

வேதத்தை எடுத்துப் பாருங்கள். 15-ஆம் வசனம் உதடுகளின் துதியைப் பலி என்கிறது. 16-ஆம் வசனம் நன்மை செய்வதையும், கையில் இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பதையும் அதே போலப் பலி என்றே சொல்லுகிறது. இரண்டும் ஒரே பலிபீடத்தில் ஏறுகிற காணிக்கை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றை விட்டுவிட்டால், பாதி ஆராதனைதான். அன்றைக்கு ஐயா ஆராதனையை நிறுத்தவில்லை. மீதிப் பாதியைத் தொடங்கினார்.

ஆனால் இங்கே நிறுத்தினால் நானும் பாதிதான் சொன்னவன் ஆவேன். "அப்படின்னா ஏழைக்கு உதவி செஞ்சா போதும், சபைக்கு வந்து பாடணுமா என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மரித்தார்கள். அந்த ஆயாவின் பேரப்பிள்ளையும் அதில் ஒருவன். குடிசையும் போனது. மீன் விற்கிற கூடைகூட மிஞ்சவில்லை. 31-ந்தேதி இரவு, வருஷக் கடைசி ஆராதனைக்கு யாரோ கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நான் ஓடிப்போய், "ஆயா, நீங்க ஏன் வந்தீங்க? முகாம்லயே படுத்திருக்கலாமே" என்றேன். அவர்கள் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது: "அங்க எல்லாரும் அழுவுறாங்க தம்பி, நான் யாருகிட்ட அழுவுறது? இவருகிட்ட அழுவலாம்னு வந்தேன்."

முன்வரிசையில் முழங்கால்படியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்தார்கள். பாட்டு வரவில்லை. வெகுநேரம் அழுகைதான். கடைசியில் ஒரே ஒரு "ஸ்தோத்திரம்."

ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் இழந்த யோபு என்ன செய்தார்? சால்வையைக் கிழித்தார், தலையைச் சிரைத்தார், தரையில் விழுந்து பணிந்தார். அங்கே வருகிற எபிரெய வார்த்தைக்குத் தரைமட்டும் குனிவது என்று அர்த்தம். கைத்தாளம் இல்லை, இசை இல்லை. துக்கத்தை மறைக்கவும் இல்லை. கிழிந்த வஸ்திரத்தோடேயே ஆராதித்தார். ஏன் இப்படி நடந்தது என்று ஆயா கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் பதில் கிடைக்காமலே தேவனை தேவன் என்று பணிந்த ஒருவரை நான் பார்த்தேன். நாம் கொண்டுபோன போர்வை அவர்கள் குளிரை நீக்கியது. ஆனால் விழுந்து அழ ஒரு பாதம் வேண்டுமே! அதற்குத்தான் சபை.

நம்முடைய சாந்தோம் பகுதிக்கே தோமாவின் பெயர்தான். அவர் மயிலாப்பூரில் அடக்கம் பண்ணப்பட்டார் என்பது பாரம்பரியம். அந்தத் தோமா எப்போது ஆராதித்தார்? ஆண்டவர் தம் காயங்களைக் காட்டினபோது! (யோவான் 20:27, 28). காயங்களைக் கண்டுதான் இயேசுவை ஆண்டவர் என்றும் தேவன் என்றும் அறிக்கை செய்தார். காயப்பட்டவரை ஆராதிக்கிற நாம், காயப்பட்டவர்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

ஆகையால் தேவபிள்ளைகளே, இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள்.

1. விழுந்து பணியுங்கள். காலையில் பத்து நிமிஷம், விண்ணப்பம் ஒன்றும் சொல்லாமல், அவர் யார் என்பதற்காக மட்டும் துதியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

2. வேலையைக் காணிக்கையாக்குங்கள். தி. நகர் ஜவுளிக் கடையில் துணி அளக்கிற சகோதரியே, அளவு சரியாக இருக்கட்டும். அடையாறில் ஆட்டோ ஓட்டுகிற சகோதரனே, வாங்குகிற காசு நியாயமாக இருக்கட்டும். ரோமர் 12:1 சரீரத்தையே பலியாகக் கேட்கிறது. ஞாயிறு காலை மூன்று மணி நேரத்தை மட்டும் அல்ல.

3. பக்கத்தில் உட்காருகிறவரைக் கவனியுங்கள். வழக்கமாக வருகிற ஒருவர் இரண்டு வாரமாக வரவில்லையென்றால், வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அதுவும் ஆராதனைதான்.

எங்கள் விசேஷ பாட்டை நாங்கள் பிறகு பாடவே இல்லை. அதற்காக இன்றைக்கு எனக்கு வருத்தமும் இல்லை. ஆயாவின் அந்த ஒரு ஸ்தோத்திரத்துக்கு முன்னால் எங்கள் ஒரு மாதப் பயிற்சி எம்மாத்திரம்!

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் உதடுகளையும் எங்கள் கைகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும். பாதி ஆராதனையோடு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதேயும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென். அல்லேலூயா!