குளவி கற்பிக்கும் அபயம்

மனிதன் கட்டிய இல்லத்தில் மனிதன் மட்டும் வாழ்வதில்லை. சுவரில் பல்லியும், மூலையில் சிலந்தியும், ஜன்னல் சட்டத்தில் குளவியும் அவனைக் கேளாமலேயே குடியேறிவிடுகின்றன. பல்லியிடம் அவன் சகுனம் கேட்கிறான். சிலந்தியை ஒட்டடைக் கோலால் விலக்குகிறான். குளவியைக் கண்டாலோ அஞ்சுகிறான். அஞ்சிய கை நெருப்பையும் நஞ்சையும் நாடுகிறது. அச்சம் ஒன்றையே காரணமாகக் கொண்டு ஓர் உயிரை மாய்ப்பது தர்மமாகுமா? அடைந்தாரைக் காக்கும் எம்பெருமானின் அடியார்கள் சிந்திக்கவேண்டிய வினா இது.

முகப்பேர்த் திருத்தலத்தில் இவ்வினாவுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. மகப்பேறு என்னும் சொல்லே முகப்பேர் என மருவிற்று என்பது வழிவழியாக வரும் கூற்று. இங்கு எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ சந்தான ஸ்ரீநிவாஸப் பெருமாளின் சந்நிதியில் மக்கட்பேறு வேண்டி நிற்கும் தம்பதியர் பலர். வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் அவ்வீட்டில் மகவு பிறக்கும் என்பது தமிழகத்து மூதாட்டியரின் நம்பிக்கை. ஆதலால் அக்கூட்டைக் கலைக்க முற்படும் சிறுவர்களை அவர்கள் தடுத்தார்கள். நம்பிக்கை பலித்ததோ இல்லையோ, அது காத்தது உண்மையிலேயே ஒரு தாயின் உழைப்பை.

மண்கூடு கட்டுவது பெண் குளவியே. துணையேதுமின்றி ஈரமண்ணை உருண்டை உருண்டையாக வாயில் கவ்விக் கொணர்ந்து, சிற்றறைகளை அமைக்கிறது. சில இனங்கள் சிலந்திகளையும், வேறு சில பச்சைப்புழுக்களையும் தேடிப் பிடித்துக் கொட்டி, அசைவற்றுப்போகச் செய்து, அவ்வறைகளில் அடுக்குகின்றன. ஓர் அறைக்கு ஒரு முட்டை. பின்னர் அறையின் வாயில் மண்ணால் மூடப்படுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அவ்வுணவை உண்டு வளர்ந்து, உருமாறி, சிறகு பெற்று, மண்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே பறக்கிறது. பெரும்பாலும் தாய் தன் மகவின் முகத்தைக் காண்பதேயில்லை.

உள்ளே சென்றது புழு. வெளியே வந்தது குளவி. இக்காட்சியைக் கண்ட பெரியோர், குளவியையே அஞ்சி அஞ்சி நினைந்திருந்த புழு குளவியின் வடிவையே பெற்றது எனக் கொண்டார்கள். பிரமர கீட நியாயம் எனப்படுவது இதுவே. ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில், பகையினால் கண்ணனை நினைந்த சிசுபாலன் எவ்வாறு உய்ந்தான் என வினவிய தர்மபுத்திரருக்கு நாரதர் இவ்வுவமையைக் கூறுகிறார். பதினோராம் ஸ்கந்தத்தில் யது மன்னனிடம் தம் இருபத்துநான்கு குருமார்களை எடுத்துரைக்கும் அவதூதர், குளவியையும் அவ்வரிசையில் வைக்கிறார்.

பிரான்சு நாட்டில் ழான் ஆன்ரி ஃபாபர் (1823–1915) என்னும் ஆராய்ச்சியாளர் வேட்டைக் குளவிகளைப் பொறுமையுடன் கவனித்து வந்தார். குளவியின் கொடுக்கு இரையைக் கொல்வதில்லை. அதன் நரம்பு மையங்களைத் தாக்கி முடக்கிவிடுகிறது. அதனால்தான் இரை கெடாமல் இருக்கிறது என்பதை அவர் விளக்கினார். ஆகவே, அடைபட்ட புழு குளவியாவதில்லை. குளவியின் மகவுக்கு உணவாகிறது. இது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை.

அப்படியானால் நியாயம் பொய்த்ததா? உவமையின் உடல் தளர்ந்தது. அது சுட்டிய பொருள் தளரவில்லை. இடைவிடாது எதை நினைக்கிறதோ அதன் சாயலை மனம் ஏற்கிறது என்பது புழுவை நம்பி நிற்கும் உண்மையன்று. அதற்கு மனித வாழ்வே சான்று. குளவியின் முன் நிற்கும் மனிதனிடம் அதைத் தெளிவாகக் காணலாம். கொட்டிவிடும், கொட்டிவிடும் என்று அஞ்சி நிற்பவன் முடிவில் தானே கொட்டுகிறவனாக மாறுகிறான். அவனைத் தீண்டாத கூட்டை அவன் தீக்கிரையாக்குகிறான். குளவிக்கு ஒரு கொடுக்கு. அஞ்சிய மனிதனுக்கோ ஆயிரம். அச்சத்தால் நினைக்கப்படும் பொருள் இறைவனாயின் அச்சமும் உய்விக்கும். பிற உயிராயின் அச்சம் கொடுமையையே வளர்க்கும்.

இந்த அச்சத்துக்கு மருந்து அறிவு. குளவிகளில் பெண்ணுக்கு மட்டுமே கொடுக்கு உண்டு. தனித்து வாழும் மண்கூட்டுக் குளவி, கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது. கூட்டமாக வாழும் குளவிகளோ, கூட்டுக்கு ஆபத்து எனக் கருதும்போது கொட்டுகின்றன. அங்கும் வியப்புக்குரிய செய்தி உண்டு. தென்னிந்தியக் கட்டிடங்களில் காகிதம் போன்ற கூடு கட்டி வாழும் ரொபாலிடியா மார்ஜினேட்டா என்னும் குளவியினத்தை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அக்கூட்டை ஆளும் அரசி சீற்றமற்றது, சாந்தமே உருவானது. அரசியை அகற்றிவிட்டால், பணிக் குளவிகளுள் ஒன்று உடனே கடுஞ்சினம் காட்டத் தொடங்குகிறது. அதுவே அடுத்த அரசியாகி, நிலைபெற்றபின் அதன் சினமும் தணிகிறது. நிலைபெறாததே சீறுகிறது, நிலைபெற்றது சாந்தமாகிறது. மனிதர்க்கும் இது பொருந்துமன்றோ?

இத்தகைய சிற்றுயிர்கள் எம்பெருமானின் லீலைக்குப் புறம்பானவையல்ல. ஆலிலையில் துயின்றவன் கண்ணன். மரங்களுள் தான் அரசு எனக் கீதையில் அருளியவனும் அவனே. காஞ்சியில் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்து, 1979-ஆம் ஆண்டிலும் 2019-ஆம் ஆண்டிலும் சேவை சாதித்த அத்திவரதரின் திருமேனி அத்திமரத்தாலானது. ஆல், அரசு, அத்தி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். இவற்றின் பூக்கள் காய்போன்ற உறைக்குள்ளே மறைந்திருக்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் உரிய மிகச்சிறிய குளவி, குறுகிய வாயில் வழியே நுழைகையில் சிறகுகளை இழந்து, மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. அக்குளவி இன்றேல் அம்மரத்துக்கு விதை இல்லை. பூவிருந்தவல்லியில் அவதரித்து, காஞ்சி வரதனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் புரிந்த திருக்கச்சி நம்பிகளின் தொண்டை அறியாதார் இல்லை. அறிவார் எவருமின்றித் தன் உடலையே ஈந்து மறையும் அச்சிற்றுயிரின் தொண்டும் நினைக்கத்தக்கது.

ஆயினும் கருணை என்பது கண்மூடித்தனமன்று. கதண்டு எனப்படும் பெருங்குளவிகள் கூட்டமாகத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து நேரும். குழந்தைகள் நடமாடும் இடத்திலோ, அடியார்கள் திரளும் கோபுரத்திலோ அவை கூடு கட்டினால், அதை அகற்றுவது காப்பவனின் கடமை. தீயணைப்பு மீட்புப் பணித்துறையினர் அப்பணியைச் செய்கிறார்கள். பயிற்சியற்றவர் கல்லெறிவதும் தீயிடுவதும் பெருந்தீங்கு. காக்கும் பொருட்டு அகற்றுவது வேறு; வெறுப்பினால் அழிப்பது வேறு. செயல் ஒன்றுபோல் தோன்றினும், செய்பவனின் நெஞ்சில் அவை வெவ்வேறு முத்திரையைப் பதிக்கின்றன.

திருவிழாக் காலத்தில் பானகத்தையும் கனிகளையும் நாடிக் குளவி வருவது இயல்பு. பாத்திரத்தை மூடி வைத்தல், கையை வீசாது அமைதியாக விலகுதல், கூடுள்ள இடத்தில் புகையும் வெடியும் தவிர்த்தல் ஆகிய சிறு ஒழுக்கங்களே போதும். கொட்டப்பட்டவருக்கு மூச்சுத்திணறலோ, மயக்கமோ, முகவீக்கமோ கண்டால், கைம்மருந்தில் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

கடற்கரையில் வீடணனை ஏற்ற வேளையில், எல்லா உயிர்க்கும் அபயம் அளிப்பதே தன் விரதம் என்றான் இராமபிரான். அபயம் வேண்டிச் சந்நிதிக்கு வருகின்றவர்கள், தம் இல்லத்து ஜன்னலில் மண் சுமந்து கட்டும் ஒரு தாய்க்கு, அவள் மகவு பறந்து செல்லும்வரை அபயம் அளிக்கலாகாதா? பெற்ற அபயத்தைப் பிற உயிருக்குப் பகிர்ந்தளிப்பவனே அதை முழுமையாகப் பெற்றவன். அத்தகைய நெஞ்சத்தை ஸ்ரீ சந்தான ஸ்ரீநிவாஸன் தன் அடியார் அனைவருக்கும் அருள்வானாக.